வேனில் இரண்டு தலையணை

ஒரு பொருள் இல்லாமல் மூன்று தடவை அவதிப்பட்ட பிறகுதான் அதை வாங்குவது என்பது என்னோடு வேலை பார்த்த அக்காவின் வழக்கம். “மொத தடவ மறதி. ரெண்டாவது தடவ ஆச. மூணாவது தடவயும் கை அதத் தேடுச்சின்னாதான் அது சாமான்” என்பார். கையுறைத் தொழிற்சாலையில் எங்கள் உற்பத்தி வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு புதுக் கைப்பேசி மாற்றிக்கொண்டே இருந்த காலத்தில் அவர் மட்டும் பொத்தான் வைத்த பழையதையே வைத்திருந்தார். நாற்பது வயதில் யாரோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்தார்களாம். “இல்லாம இருந்து பாத்துட்டேன்ணே, ஒண்ணும் கொறையல” என்று சொல்லி, காப்பி கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டதாக அவரே எங்களிடம் சொன்னார்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்தபோது அப்பா லாரியில் ஏற்றிய சாமானில் பாதியைப் புது வீட்டில் யாரும் பிரிக்கவே இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் பழங்கதை பேசமாட்டார்.

அவரைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போதே என் வாய் கொஞ்சம் கோணிக்கொள்ளும். பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

பதினோரு வருடம் கோலா கெத்திலிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஒரே கம்பெனி வேனில் போய்வந்தோம். நான் ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஏறுவேன். அவர் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்து மேட்டில், அண்ணன் வீட்டு வாசலில் ஏறுவார். மூன்றாவது வரிசையில் சன்னலோரம் என் இடம். பக்கத்தில் அவர். ஒரு மாலை நல்ல மழை, சாலையில் எதுவும் நகரவில்லை. எட்டு மணி நேரம் நின்ற கால் கடுகடுத்தது. அப்போது நான்தான் சொன்னேன்.

“இந்த சீட்டெல்லாம் கழட்டிட்டு ஒரு மெத்தையப் போட்டோம்னு வைங்கக்கா, இப்படியே பெர்லிஸ் வரைக்கும் போய்ப் படுத்துக் கெடந்துட்டு வரலாம்.”

“சாப்பாட்டுக்கு?”

“பின்கதவத் தொறந்து வச்சி ஆக்கிக்கலாம்லா.”

வீடு வந்து சேரும்வரை அதையே பேசினோம். திரை என்ன நிறம், தண்ணீரை எதில் பிடிப்பது என்றெல்லாம். நான் அந்த வேனில் இப்படிப் பல சொல்லியிருக்கிறேன். பலகாரக் கடை வைக்கலாம் என்றேன், தையல் கற்றுக்கொள்ளலாம் என்றேன். இறங்கும்போது அந்தப் பேச்சையும் இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போவது என் பழக்கம். விட்டுப்போனதை அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

கையுறைக்குக் கிராக்கி குறைந்து கம்பெனி எங்கள் வரிசையை மூடியது. எல்லோருக்கும் கையில் ஒரு தொகை வந்தது. வேன் ஓட்டுநருக்குக் கண்ணில் கோளாறு. கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டிய தன் சொந்த வேனை அவர் விற்றார். அக்கா வாங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து மளிகைக் கடையில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பார்க்கப் போனேன். போக்குவரத்து இலாகாவில் அனுமதி வாங்கி, பின் இருக்கைகளையெல்லாம் கழற்றி அண்ணன் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் போட்டிருந்தார். என் இருக்கையை உடனே கண்டுபிடித்தேன். பதினோரு வருடமாக நான் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பெரிதாக்கிய கிழிசல் அதில் இருந்தது.

“உன் சீட்டு, பாத்தியா?” என்று சிரித்தார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ‘யோசனை உன்னுடையது’ என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். வரவில்லை. தேநீர்தான் வந்தது.

அன்றிரவே உட்கார்ந்து காணொளிகளாகப் பார்த்துத் தள்ளி, இப்படிப்பட்ட வேனுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு போனேன். குளிர்பெட்டி, சூரிய ஒளித் தகடு, வெளியில் இழுத்துவிடும் கூரை, மடக்கு மேசை, குளிக்கும் குழாய், அலங்கார விளக்கு. முழுதும் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல எது வேணும்னு எனக்கு இப்ப எப்படிம்மா தெரியும். மொதல்ல வெறும் வேன்ல படுத்துப் பாக்கறேன்.”

வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, ஒரு பாய் மட்டும் விரித்துப் படுத்தார். காலையில் நான் போனபோது கை முழுக்கக் கொசு கடித்துத் தடித்திருந்தது. முகம் மட்டும் குளிர்ந்திருந்தது. கதவின் உள்பக்கம் நாள்காட்டித் தாளைத் திருப்பி ஒட்டி, நூலில் ஒரு பேனாவைத் தொங்கவிட்டிருந்தார். ‘கொசு’ என்று எழுதி ஒரு கோடு. ‘காத்து’ ஒரு கோடு. ‘கை கழுவ’ ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் அந்தப் பொருளுக்கு வேனில் இடம்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. சன்னல் அளவுக்குக் கொசுவலை வெட்டி ஓரத்தில் காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்தார். தகரத்தில் போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது மின்சாரம் ஏறும்படி இரண்டாவது பேட்டரி ஒன்று, அதில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று. குழாய் வைத்த தண்ணீர்த் தோம்பை பின்கதவு ஓரமாக, நின்றபடியே கை கழுவும் உயரத்தில் கட்டினார். படுக்கைப் பலகைக்கு அடியில் ஒற்றை அடுப்பு, மூடி இறுக்கமான ஒரு வாளி. ராத்திரி அவசரத்துக்கான அந்த வாளியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம். “பொம்பளைங்க ஊர் சுத்தாம இருக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான், எழுதி வச்சுக்க” என்றார் அவர். சரிவில் நிறுத்தினால் தலை பள்ளத்தில் கிடக்கிறது என்று சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மரக்கட்டை சீவினார்.

தீயணைக்கும் குப்பியை மட்டும் முதல் நாளே வாங்கி மாட்டியிருந்தார். “இதுக்குக் கோடு எங்கக்கா?” என்று மடக்கினேன்.

“இதுக்கு மூணு தடவ அவதிப்பட முடியாதும்மா.”

வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் தாளில் ‘முட்டிக்கு’ என்று மூன்று கோடு. நிற்கிற வேலையில் தேய்ந்த முழங்கால் அவருக்கு. மல்லாந்து படுத்தால் அடியில் எதையாவது வைத்தால்தான் வலி அடங்கும். அடுத்த முறை போனபோது தலைக்கொன்றும் முழங்காலுக்கொன்றுமாக இரண்டு தலையணை இருந்தன. ஒரே அளவு, ஒரே நீல உறை.

என்னைக் கூப்பிடாமல் இல்லை. முதலில் கடலோரம் ஒரு நாள் போகலாம் என்றார். பிறகு நெல் பச்சையாக இருக்கும்போது அலோர் ஸ்டார் பக்கம் என்றார். பிறகு எங்கே வேண்டுமானாலும், நீயே சொல் என்றார். ஒவ்வொரு தடவையும் “அவரக் கேட்டுச் சொல்றேன்க்கா” என்றேன். அவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்வா என்றிருப்பார். நான் நினைத்த வேனில் நானே விருந்தாளியாக ஏறி, செருப்பை எங்கே கழற்றுவது என்று இன்னொருத்தரைக் கேட்க வேண்டுமா என்பதுதான் காரணம்.

அதற்குப் பதிலாக வாங்க ஆரம்பித்தேன். அக்கா வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த தாளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இணையத்தில் வரவழைத்தேன். மடக்கு மேசை, குளியல் குழாய், விளக்குச் சரம், கையால் அழுத்திக் காப்பி இறக்கும் கருவி, வேனுக்கு வெளியே விரிக்கும் பச்சைப் புல் போன்ற பாய். வேன் இல்லாத எனக்கு வேன் சாமான். பொட்டலம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியிலும் அரிசி வைக்கும் அறையிலும் தள்ளி, மேலே பழைய துணி போட்டு மூடினேன். எப்போதாவது துணியை விலக்கிப் பார்ப்பேன். அவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஜித்ராக்காரி வந்தாள். அவளும் எங்கள் வரிசையில் இருந்தவள்தான். புருஷன் இறந்த பிறகு ஜித்ராவுக்குப் போய்ப் பாலர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அக்கா படம் எடுக்கமாட்டார், போடமாட்டார். அவள் போட்டாள். பழைய தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக ஒன்பது படம். பின்கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்க் கெத்தில், வயல் காற்றில் திரை பறக்கிறது. கொக்கியில் இரண்டு குவளை. படத்தை விரலால் பெரிதாக்கி அந்தக் குவளையைப் பார்த்தேன். எனக்கு என்று ஒரு குவளை அங்கே தொங்கியதில்லை.

அக்காவை அழைத்துக் கேட்டேவிட்டேன். “அவள மட்டும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க.”

“ஒன்ன மூணு தடவ கூப்ட்டேன்ல” என்றார். குரலில் குற்றம் இல்லை. கொசுவலையைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். “அவள ஒரு தடவதான் கேட்டேன். துணியோட வந்து நின்னுட்டா.”

அந்த வாரமே பாசாரில் மீன் கடையில் அக்காவின் அண்ணியைப் பார்த்தேன். எல்லோருக்கும் போல எனக்கும் அவர் அண்ணிதான். கெம்போங் மீன் ஒன்றைச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஜித்ரா ஜித்ரான்னு ஓடறாளே, அங்க யாருன்னு ஒனக்குத் தெரியும்ல? அவ அண்ணன் ஒரே கொடச்சல்.”

எனக்குத் தெரியும். பெயரும் தெரியும், அவள் போட்ட ஒன்பது படமும் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“எனக்கு என்னண்ணி தெரியும்” என்றேன். “வேனுக்குள்ள ரெண்டு தலகாணி இருக்கு. அத மட்டுந்தான் நான் பாத்தேன்.”

அண்ணி மீனைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு பொய்கூட இல்லை அதில். வீட்டுக்கு நடந்துவரும்போது அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அதே கடையில் அண்ணியே எனக்குச் சேதி சொன்னார். வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு, இல்லையென்றால் வேனோடு போ என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அக்கா சத்தம் போடவில்லையாம். அழவில்லையாம். துணியை மடித்து எடுத்துக்கொண்டு, ரம்புத்தான் மரத்தடியில் கிடந்த இருக்கைகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடும்படி சொல்லிவிட்டு ஜித்ராவுக்குப் போய்விட்டார். அங்கே அந்தத் தோழி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாராம். “நீ சொன்னதுனாலதான் எங்களுக்குக் கண்ணே தொறந்துச்சு” என்றார் அண்ணி. எனக்கு நண்டு வாங்கிக் கொடுக்க வந்தார், வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன்.

நான் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. இரண்டு மாதம் போயிற்று.

அந்த மழைக்காலத்தில் மேலே மலைப்பக்கம் விடாமல் பெய்து ஆறு ஏறியது. எங்கள் தாமானில் ஆண்டுக்கொரு தடவை கால்வாய் நிரம்பும், வடியும். அதனால் யாரும் அசையவில்லை. என் வீட்டுக்காரருக்கு அப்போது இடுப்புத் தட்டு விலகி மூன்றாம் வாரம். கழிப்பறைக்கே என் தோளைப் பிடித்துத்தான் போவார். பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. அக்கம்பக்கத்துக் கார்களெல்லாம் ஆட்களால் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. உட்கார முடியாத மனிதரை எந்தக் காரில் ஏற்றுவது?

அப்போது தெருமுனையில் அந்த வெள்ளை வேன் திரும்பியது. சக்கரம் பாதி தண்ணீரில் இருந்தது.

அக்கா இறங்கினார். “அவர எந்தப் பக்கமா சாய்ச்சா வலிக்காது?” என்று மட்டும் கேட்டார். இருவருமாகத் தாங்கிப் பின்பக்கமாக ஏற்றி அப்படியே படுக்க வைத்தோம். வேன் நகர்ந்தபோது என் வீட்டுக்குள் தண்ணீர் போவதைப் பார்த்தேன்.

மேட்டிலிருந்த பள்ளித் திடலில் நிறுத்தினார். ஊர்மக்களைத் தங்கவைத்திருந்த பள்ளி மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் என் வீட்டுக்காரர் படுக்க முடியாது என்று எங்கள் இருவரையும் வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அக்கா ஒரு பாயை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். இரண்டு நாள் அப்படி.

அந்த இரண்டு நாளை நான் எப்படிச் சொல்வது. வெளியே ஊரே சேறும் ஈரமுமாக வரிசையில் நிற்கிறது. நான் உள்ளே காய்ந்த மெத்தையில் இருக்கிறேன். கையை நீட்டினால் விளக்கு. காலை நீட்டினால் எதுவும் இடிக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறதே என்று நினைத்தால் அந்த நினைப்புக்கு நேர் மேலே மின்விசிறி. தேடித் தேடிப் பார்த்தேன், வேண்டாத பொருள் ஒன்றுகூட இல்லை; வேண்டியது எதுவும் இல்லாமலும் இல்லை. இங்கே நானாக இருந்தால் இதை அங்கே வைத்திருப்பேன் என்று சொல்ல ஒரு மூலை கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவர் மேல் அவ்வளவு எரிச்சல் யாருக்கும் வந்திருக்காது.

என் வீட்டுக்காரர் இரண்டாம் நாள் காலையில் முகம் தெளிந்து கிடந்தார். “இந்தத் தலகாணிய முட்டிக்கடியில வச்சதும் இடுப்பு வலியே தெரியல தெரியுமா. இதுக்குன்னே வச்சிருக்காங்க போல” என்றார்.

நான் பசியாற ஏதாவது வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவ அக்காவும் வந்தார். கதவைத் திறந்ததும் கூடத்தின் நடுவில் சேற்றில் கிடந்தவை என்னுடைய பொட்டலங்கள். கட்டிலுக்கடியிலிருந்தும் அரிசி அறையிலிருந்தும் தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒருவரும் பார்க்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல வாசலுக்கு நேராக இறக்கிவிட்டுப் போயிருந்தது. அட்டை ஊறிப் பிளந்து மேசை தெரிந்தது, குழாய் தெரிந்தது. பச்சைப் பாய் முழுதாக விரிந்து கிடந்தது.

கைத்தடியை ஊன்றி நின்ற என் வீட்டுக்காரர் “இதெல்லாம் யாரோடது?” என்றார்.

அக்கா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குளியல் குழாயைப் பார்த்தார், விளக்குச் சரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்க் குழாயடியில் கழுவ ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இந்த மேச நல்ல மேசம்மா. எனக்குத் தோணவே இல்ல” என்றார். கொஞ்ச நேரம் காப்பிக் கருவிக்குள் விரலை விட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். “வேன் யோசனையே ஒன்னோடதுதான. வாங்கறதுக்கு முந்தி ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தப்புதான்.”

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். அது வந்தபோது கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

“அந்தத் தலகாணி சங்கதிய அண்ணிகிட்ட சொன்னது நான்தான்க்கா.”

“தெரியும். அன்னைக்கே அண்ணி ஒன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க.”

“தெரிஞ்சா வந்தீங்க?”

“ஆத்துல தண்ணி ஏறுதுன்னு சொன்னாங்க. ஒங்க ரோடு பள்ளம். அவரு இடுப்போட கெடக்காருன்னும் கேள்விப்பட்டேன்.” கருவியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். “இதுக்கும் அதுக்கும் என்னம்மா.”

நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மனசு அப்படி லேசாகிவிட்டது. அக்கா கை கழுவிக்கொண்டு கிளம்பத் தயாரானபோது, நனையாமல் மிஞ்சிய துணி நாலை ஒரு பையில் திணித்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரரிடம், “நாலு நாள் அக்காவோட ஜித்ராவுக்குப் போய்ட்டு வர்றேன், ஒங்க தங்கச்சிய வரச் சொல்லிடறேன்” என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான், அவரைக் கேட்பது.

அக்கா ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நான் பையோடு சன்னலருகே போய் நின்றேன்.

“நானும் வர்றேன்க்கா.”

அவர் பையைப் பார்த்தார். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யோசித்துத்தான் சொன்னார்.

“இன்னொரு தடவ தண்ணி வந்தா கூப்புடு, எங்க இருந்தாலும் வந்து ஏத்திக்கறேன். அது நெசம். ஆனா ஒன்னப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஊர் சுத்த எனக்கு மனசு வரலம்மா. பொய் சொல்லி என்னத்துக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். “ஒடம்பப் பாத்துக்க. அவரு குனிய வேணாம்” என்றார். வேன் சேற்றில் மெல்லப் பின்வாங்கி, திரும்பி, பிரதான சாலைக்கு ஏறியது. அது செம்பனை மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை நின்றேன். இப்போது யார் அதில் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் காயவைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“என்ன, போகலயா?”

“வேன்ல எடம் இல்லயாம்.”

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். “நாம ரெண்டு பேரும் ரெண்டு நாள் படுத்திருந்தோமே” என்றார்.

உள்ளே போனேன். அலமாரி இன்னும் ஈரமாக இருந்தது. எடுத்த துணியை வைக்க வழியில்லாமல் பையிலேயே விட்டுவிட்டேன்.